தொட்டியில் மிச்சம்

மச்சான் வந்து நின்றபோது அவர் ஒரு குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முழங்காலுக்குக் கீழே விரலை ஓட்டிச் சூடு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பளபளவென்று துடைத்த ஒரு ஜோடி ஷூ வைக்கோல் துணுக்குகளுக்கு நடுவே வந்து நின்றது. நிமிராமலே யாரென்று தெரிந்துவிட்டது. குதிரையானாலும் மனிதனானாலும் காலை வைத்தே ஆளைச் சொல்லும் தொழில் அவருடையது. இடது குதிகால் மட்டும் ஒரு பக்கமாய்த் தேய்ந்துபோகும் அந்த நடையை அவர் மறந்திருக்கவில்லை. விரல் இருந்த இடத்திலேயே நின்றது. குதிரை ஒரு காதைத் திருப்பி என்னவென்று பார்த்தது.

"என்ன மாப்ளே, தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட மனசு வரலையா?"

"காலைப் பார்த்துட்டு வர்றேன் மச்சான். உட்காருங்க."

அத்தனை வருடங்களுக்குப் பிறகு இருவருக்கும் நடந்த முதல் பேச்சு அவ்வளவுதான். மற்ற மூன்று கால்களையும் அவர் நிதானமாகப் பார்த்தார். பார்க்க வேண்டிய தேவையே இல்லை; அந்தக் குதிரைக்கு ஒரு காலில்தான் தொந்தரவு. இருந்தாலும் பார்த்தார். காத்திருக்கட்டும்.

ரேஸ் மைதானத்தில் அவருக்கு மௌனச்சாமி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேராக எல்லோரும் சார், அண்ணே. நாட்டிலேயே பெரிய லாயம் அவருடையது. இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் நீட்டிய கழுத்தோடு ஒரு குதிரை. ஜெயித்த கோப்பைகளை வைக்க வீட்டில் இடமில்லாமல், ஒன்றில் மனைவி கத்தரிக்கோலும் நூல்கண்டும் போட்டு வைத்திருந்தாள். ஜாக்கி ஆக வந்து, ஒரே வருடத்தில் கொக்கு மாதிரி வளர்ந்துவிட்டதால் குதிரையை விட்டு இறங்கியவர் அவர். இறங்கியவர் பயிற்சியாளர் ஆனார். அவசரப்படாதவர், குதிரையைப் பிழியாதவர் என்று பெயர். பயந்த குதிரை, நொந்த குதிரை, யாரும் வேண்டாமென்று தள்ளிய குதிரை எல்லாம் அவரிடம் வரும். வந்து, மெல்லத் தேறி, ஒரு நாள் ஜெயிக்கும்.

இது பிற்பாடு கிடைத்த பெயர். முன்னால் இன்னொரு பெயர் இருந்தது. அதைக் கொடுத்தவர் இப்போது அவருடைய அலுவலக அறையில், சேணத்துக்குத் தடவும் எண்ணெயின் வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மச்சான் அந்தக் காலத்தில் பெரிய முதலாளி. தன் குதிரைகளைப் பழக்கிய ஆளுக்கே தங்கையையும் கட்டிக்கொடுத்தார். "என் குதிரைங்களும் என் தங்கச்சியும் ஒரே ஆள் கையில. ரெண்டு பேரையும் பட்டினி போடாம இருந்தா சரி" என்று கல்யாணத்தில் எல்லோரும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார், அப்போது அவருக்குச் சிரிப்பு வரும்.

அந்தக் குதிரைகளில் ஒருத்தி செம்பட்டை நிறம். மூக்கின் மேல் பால் சிந்தியது போல ஒரு வெள்ளை. லாயத்தில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். பயந்த சுபாவம். கூட்டம் கேட்டால் வியர்ப்பாள், தீவனம் எடுக்க மாட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையில் அள்ளி ஊட்டி, ஒரு நாள் ஓட்டம் இரண்டு நாள் நடை என்று பொத்திப் பொத்தி அவளைக் கொண்டுவந்தார். பெரிய பந்தயத்துக்கு முன்னால் அவளது முன்னங்காலில் சூடு தெரிந்தது; உள்ளே காயம் என்று அர்த்தம். தரையோ மழையில்லாமல் கல்லாய்க் கிடந்தது. "ஓட வேண்டாம் மச்சான்" என்றார். மச்சான் திரும்பிக் காரில் ஏறிப் போனார். மறுநாள் காலை லாரிகள் வந்தன. மச்சானின் குதிரைகள் அத்தனையும் வேறொரு லாயத்துக்குப் போயின. பெரியவள் லாரிப் பலகையில் ஏற மறுத்து அவரைத் திரும்பிப் பார்த்தாள். புது ஆளிடம் அந்தக் காலைப் பற்றி அவர் சொல்லித்தான் அனுப்பினார். புது ஆள் ஓட்டினான். கடைசித் திருப்பத்தைத் தாண்டி, ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் எதிரே கால் முறிந்தது. பச்சைத் துணித் தடுப்பு கொண்டுவந்து சுற்றிலும் பிடித்தார்கள். கால் முறிந்த குதிரையைத் தடுப்புக்குள் வைத்துத்தான் முடித்துவிடுவார்கள் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதையாவது அவர் ஒருவேளை தாங்கியிருப்பார். அன்று சாயங்காலம் மச்சான், ஜாக்கிகளை எடை பார்க்கும் அறையின் வாசலில், அவர்களும் முதலாளிகளும் நிருபர்களும் கூடி நிற்கிற இடத்தில் நின்று சொன்னார்: "முன்னாடி இருந்த டிரெய்னர் காலைக் கெடுத்து வச்சிருந்தான். எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

அந்த ஒரு பேச்சில் அவரது லாயம் காலியானது. மிச்சமிருந்த முதலாளிகளும் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். யார் யார் லாயத்திலோ சாணி அள்ளினார், கட்டுப் போட்டார், விரட்டப்பட்ட குதிரைகளை வாங்கிக் குணமாக்கினார். மேலே வந்த ஒவ்வொரு படியிலும் அந்த வார்த்தைகளை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே வந்தார். மைதானத்துக்காரர்கள் அதைப் பொறுமை என்று நினைத்தார்கள்.

"ஒண்ணுதான் மாப்ளே மிச்சம்" என்றார் மச்சான். குரலில் பழைய மிடுக்கு இருந்தது. சட்டைக் காலரில் இல்லை. "வியாபாரம் எல்லாம் போச்சு, உனக்குத் தெரியாததா. இவ ஒருத்திதான். யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க, கடிக்கிறாளாம். கடிக்காம என்ன செய்வா, என் வீட்டுக் குதிரை."

"யாரு பெத்தது?"

மச்சான் ஷூவைப் பார்த்துக்கொண்டார். "பெரியவளைப் பெத்தாளே, அவளோட கடைசிக் குட்டி."

தேநீர் கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். அண்ணனிடம் பேசி அவளுக்கும் அத்தனை வருடம் ஆகியிருந்தது. தேநீரை மேஜையில் வைத்தாள். சர்க்கரை எத்தனை என்று கேட்காமலே போட்டிருந்தாள்.

அவர் வெளியே போய் வண்டிக்குள் நின்றவளைப் பார்த்தார். அதே செம்பட்டை. அதே பால் சிந்திய மூக்கு. பல்லைக் காட்டினாள்.

"சரி" என்றார்.

"சரின்னா?"

"எடுத்துக்கிறேன்."

அன்று வீட்டில் மனைவி சாப்பாடு பரிமாறும்போது அவரது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் தண்ணீர் குடித்தார். "கேட்டா பதில் சொன்னாக் குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, தனக்குத்தானே சொல்வது போல, "மன்னிச்ச மாதிரி தெரியல. அடுப்பை மூடி வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

ஒரு பயிற்சியாளன் ஒரு குதிரையைக் கெடுக்க ஊசி தேவையில்லை, ஜாக்கியின் கைக்குள் பணம் எதையும் திணிக்கத் தேவையில்லை. காலை ஓட்டம் போதும். குதிரையின் உடம்பில் முழுப் பாய்ச்சல்கள் இத்தனைதான் என்று இருக்கிறது. அவற்றைக் காலைப் பனியில், யாருமில்லாத மைதானத்தில் ஓடவிட்டுத் தீர்த்துவிட்டால், பந்தய நாளில் வருவது வெறும் தோல்தான். எந்தச் சட்டத்திலும் அது குற்றமில்லை. கடுமையாகப் பழக்கினார், குதிரை தாங்கவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு அடையாளம் உண்டு. அளவுக்கு மீறி ஓடிய குதிரை சாப்பிடாது. காலையில் தீவனத் தொட்டியில் மிச்சம் கிடக்கும். அதனால்தான் எந்தப் பயிற்சியாளரும் விடிந்ததும் குதிரையின் முகத்தைப் பார்க்கும் முன்னால் தொட்டியைப் பார்ப்பார். மிச்சம் கிடந்தால் அன்று நடை மட்டும்.

மௌனச்சாமியின் கையிலேயே ஜெயிக்காத குதிரை என்ற பெயர் மட்டும் வரட்டும். அப்புறம் அவளை இனாமாகக் கொடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான். கடைசியாக மிஞ்சிய ஒன்று. இளம் பெண்குதிரைகளுக்கான பெரிய பந்தயத்தில், கூட்டம் பார்க்க, அவள் கடைசியாக வந்து சேர வேண்டும். மச்சான் எடை பார்க்கும் அறை வாசலில் நின்று என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

முதல் காலையிலேயே முழுப் பாய்ச்சல் கொடுக்கச் சொன்னார்.

லாயத்தில் புதியவளுக்குச் சின்னவள் என்று பெயர் விழுந்தது. அவள் மேல் ஏறியவனுக்குக் கடியாரம் என்று பெயர். ஓடி முடித்ததும் வாட்சைப் பார்க்காமலே நேரத்தைச் சொல்வான். பாதி நாள் தப்பாகத்தான் சொல்வான், ஆனால் அடித்துச் சொல்வான். "அண்ணே, வந்த மறுநாளேவா? உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான்.

"ஏறு."

சின்னவள் பறந்தாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள், இறங்கியவனின் தோளைக் கடித்தாள். மறுநாள் விடியலில் அவர் முதல் வேலையாகக் கடைசி அறைக்குப் போனார். தொட்டி காலி. ஒரு ஓட்ஸ்கூட இல்லை. ஓரத்தை நக்கி வேறு வைத்திருந்தாள்.

முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்.

அன்று தூரத்தைக் கூட்டினார். அதற்கடுத்து மேட்டில் ஏற்றினார். நல்ல வலுவான ஆண் குதிரையை முன்னால் ஓடவிட்டு இவளைத் துரத்தவைத்தார். ஆண் குதிரை அன்று தீவனத்தில் பாதியை விட்டது. சின்னவள் தன்னுடையதைத் தின்றுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் மிச்சமிருப்பதை மோந்து மரச்சுவரை உதைத்தாள்.

"அண்ணே, இவ வயித்துல ஏதோ ஆவி புகுந்திருக்கு" என்றான் கடியாரம். "நேத்து நான்தான் சாப்பிடல. என் தொட்டியைக் கொஞ்சம் வந்து பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். ஈரம் மட்டும் இருந்தது. அவரது வாழ்நாளில் எந்தக் குதிரையையும் இப்படி ஓட்டியதில்லை. நாளுக்கு நாள் தன் கடுமை கூடிக்கொண்டே போவது அவருக்கே தெரிந்தது. பெரியவளுக்குத் தங்கை, பெரியவளைப் போலவே நொறுங்குவாள் என்று எண்ணித்தான் தொடங்கினார். நொறுங்கவில்லை. விலா எலும்பு தெரியவில்லை, தோல் எண்ணெய் தடவினாற்போல் மின்னியது. ஓட்டம் கொடுக்காத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவள் அறைக்குள் முகத்தை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு நின்றாள்; அன்றுதான் கடித்தாள். ஒருநாள் மனைவி அறை வாசலில் நின்று சொன்னாள்: "இப்ப என்னைக் கடிக்கவே மாட்டேங்கிறா. நல்லாப் பார்த்துக்கறீங்க போல."

அவருக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

பந்தயத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, எந்தப் பைத்தியக்காரனும் செய்யாததைச் செய்தார். முழுத் தூரத்தையும், முழு வேகத்தில், பந்தயம் போலவே ஓடவைத்தார். கம்பியோரம் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். மௌனச்சாமி குதிரையைக் கொன்றுவிட்டார் என்று மைதானம் முழுக்கப் பேச்சு. மறுநாள் விடியலில் அவர் அறைக் கதவைத் திறந்தார். சின்னவள் காலித் தொட்டியைக் காலால் தட்டிக்கொண்டு நின்றாள். இன்னும் போடு என்பது போல.

பந்தயத்தில் அவளைப் பிடிக்க எவளும் இல்லை. கடைசித் திருப்பத்தில் முன்னால் வந்தாள். பெரியவள் விழுந்த இடத்தைக் காதை விறைத்துக்கொண்டு தாண்டினாள். மற்றவை ஏதோ வேறொரு பந்தயத்தில் ஓடுகிற மாதிரி பின்னால் வந்தன. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பகையை ஊட்டி ஊட்டி வளர்த்ததில் தன் வாழ்நாளின் சிறந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறோம் என்பது மெல்ல மெல்ல உறைத்தது. வாய் கசந்தது.

"மாப்ளே!" என்று மச்சான் ஓடிவந்து கட்டிக்கொண்டார். புகைப்படத்தில் அவர் கல் மாதிரி நிற்பதும் மச்சான் அவரது தோளில் தொங்குவதும் நன்றாக விழுந்திருக்கிறது. பிறகு மச்சான் அதே எடை அறை வாசலுக்குப் போனார். நிருபர்கள் சூழ்ந்தார்கள். "டிரெய்னர் என்ன செய்வார் பாவம், அவ பொறப்பு அப்படி" என்றார் மச்சான். "யார் கையில குடுத்திருந்தாலும் ஜெயிச்சிருப்பா."

அடுத்த வாரமே லாரி வந்தது. கூடவே மச்சானும், அவரது புது லாயத்துக்காரரும். கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்த இளவயதுக்காரர். கை கொடுத்துவிட்டு உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காத மாப்ளே. இவங்க லாயத்துல நீச்சல்குளமே இருக்கு, குதிரைக்கு. உனக்கு வயசாகுது பாரு."

மனைவி வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "அண்ணே, உனக்கு மறதியே வராதா?" என்றாள்.

"எதைம்மா?"

"லாரிக்கு வழி."

மச்சான் சிரித்தார், கேலி என்று எடுத்துக்கொண்டு.

மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. கைமாறும் குதிரையின் சாப்பாடு, தூக்கம், ஓட்டம் எல்லாவற்றையும் பழைய ஆள் புது ஆளிடம் வாயால் ஒப்படைக்க வேண்டும். ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் சரி. குதிரை தானாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பதால் வந்த மரியாதை அது. அவர் பழக்கதோஷத்தில் சொல்லத் தொடங்கினார்.

"தினமும் ஓட்டணும். நல்லா. தீவனத்தைக் குறைக்காதீங்க, ஓட்டத்தையும் குறைக்காதீங்க. ஓய்வு குடுத்தா இவளுக்கு ஆகாது. பந்தயத்துக்குக் கிட்டத்துல முழுத் தூரம் ஒரு தடவை, முழு வேகத்துல."

கண்ணாடிக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு. எங்களை மடையன் என்று நினைத்தாயா என்ற சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்த கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருட்டறையில் யாரோ சன்னலைத் திறந்தது மாதிரி. இத்தனை மாதம் எதைச் செய்து முடியாமல் தவித்தாரோ, அதை இவர்களே செய்யப்போகிறார்கள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் உண்மையைச் சொல்வது.

"நம்புங்க மச்சான்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் குரலில் அவ்வளவு குழைவு வந்ததில்லை. "இவ பெரியவ மாதிரி இல்ல. அவளைப் பொத்திப் பார்த்தோம். இவளைப் பொத்தினா கெட்டுடுவா. என் பேச்சைக் கேளுங்க. ஓட்டுங்க, நல்லா ஓட்டுங்க."

"சரி மாப்ளே, சரி. அப்படியே செய்யறோம்." மச்சான் அவர் தோளைத் தட்டினார். லாரி ஏறும்போது கண்ணாடிக்காரரின் காதில் மச்சான் சொன்னது அவருக்குக் கேட்டது: "இவன் சொன்னதுக்கு நேர் எதிரா செய். பழைய கோபம், குதிரையை உடைக்கப் பார்க்கிறான்."

சின்னவள் லாரிப் பலகையில் தயங்கவே இல்லை. ஓட்டத்துக்குத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்து ஒரே பாய்ச்சலில் ஏறினாள்.

கடைசி அறையில் அவர் வேறு குதிரையைக் கட்டவில்லை. யாரும் கேட்கவில்லை.

அந்தப் பருவம் முழுக்க அவர் கம்பியோரம் நின்று பார்த்தார். நீச்சல்குளம், மெத்தை போட்ட தரை, வாரத்தில் ஒரு மெல்லோட்டம். சின்னவள் ஐந்தாவதாக வந்தாள், எட்டாவதாக வந்தாள், பிறகு எண்ணுவதில் பொருளில்லாத இடத்தில் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவருக்குள் ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டது. ஓடி முடித்து வரும் மற்ற குதிரைகள் நுரை தள்ளும். அவள் மூச்சுக்கூட வாங்காமல், இவ்வளவுதானா என்பது போலச் சுற்றிலும் பார்ப்பாள். ராத்திரியெல்லாம் சுவரை உதைக்கிறாளாம், தலையை ஆட்டுவதை நிறுத்துவதே இல்லையாம், வாலைத் தானே கடித்துக்கொள்கிறாளாம். கடியாரம் கேள்விப்பட்டு வந்து சொல்வான். "போய் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"சொல்லியாச்சு."

"திரும்பச் சொல்லுங்க. உங்களுக்கு வார்த்தை என்ன ரேஷனா?"

அவர் வேறு குதிரையின் காலுக்குக் குனிந்தார்.

பருவத்தின் கடைசி நாளன்று மச்சானே அவரைத் தேடி வந்தார். பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் புல்வளையத்தின் ஓரம், மனைவியோடு அவர் நின்றிருந்தார். சின்னவள் அன்று ஓடவில்லை. விற்கப்போவதால், விலை பேச வந்த ஆட்களுக்குக் காட்டக் கூட்டிவந்திருந்தார்கள். வயிறு சரிந்திருந்தது. வாலில் பாதி முடி இல்லை.

"என்ன குடுத்த அவளுக்கு?" என்றார் மச்சான். ஷூவில் பாலிஷ் இல்லை. "உண்மையைச் சொல்லு. ஊசியா?"

"சொன்னேனே. ஓட்டச் சொன்னேன்."

"அது இல்ல. உண்மை."

"அதான் உண்மை."

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஏதோ கணக்கு ஓடி முடிந்தது. "அப்படின்னா... நெசமாத்தான் சொன்னியா? நான் நம்ப மாட்டேன்னு தெரிஞ்சே?" பல்லைக் கடித்தார். "சரி. இப்ப நம்பறேன். நாளைக்குக் காலைல முழுத் தூரம், முழு வேகம். நீ செஞ்ச மாதிரியே. விலைக்குக் கேட்கிறவன் வாட்சோட வர்றான்."

அவர் சின்னவளின் காலைப் பார்த்தார். ஒரு பருவம் முழுக்கச் சும்மா நின்று சதை போட்ட உடம்பு. மெத்தையில் நடந்து பழகிய கால். மழையில்லாத தரை. "நாளைக்கு வேண்டாம்" என்றார். "இப்ப அவ கால் தாங்காது. மெல்ல மெல்லத்தான் கொண்டு வரணும்."

மச்சான் கடகடவென்று சிரித்தார். "பார்த்தியா தங்கச்சி, உன் வீட்டுக்காரரை? நம்பாத வரைக்கும் ஓட்டு ஓட்டுன்னாரு. நம்பினதும் வேண்டாங்கிறாரு. இப்பதான்யா எனக்கு உன்னைப் புரியுது. நாளைக்கு ஓட்டறேன். வந்து பாரு."

இனி அவர் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அது அவருக்குக் கைவந்த கலை. நாளை அதே திருப்பத்தைத் தாண்டி, அதே இடத்தில். பச்சைத் தடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தை எத்தனை வருடமாக மனசுக்குள் வரைந்து வைத்திருந்தார். நினைத்தாலே நாக்கு ஊறியது.

அவர் இருமினார். தொண்டை காய்ந்திருந்தது, அவ்வளவுதான். வளையத்தின் அந்தப் பக்கம் சின்னவளின் காதுகள் சட்டென்று திரும்பின. விடியலில் அறைக் கதவைத் திறக்கும் முன் அவர் இருமுவது வழக்கம். அதற்குப் பிறகு ஓட்டம். அவள் கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னங்காலால் தரையைத் தட்டினாள்.

மனைவி குதிரையைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்க்கவில்லை. இவரையே பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அந்த வீட்டில்தானே இத்தனை வருடம் இருந்தாள்.

"என்கிட்ட அனுப்புங்க" என்றார் அவர். "கடைசி அறை காலியாத்தான் இருக்கு. ஓட்டிக் காட்டறேன். எழுதித் தரச் சொன்னாலும் தர்றேன்."

மச்சானின் கண் விரிந்தது. இது பொய்யில்லை என்று இப்போதுதான் புரிந்தது. கெஞ்சலை அவர் ஒருபோதும் இந்த ஆளின் முகத்தில் பார்த்ததில்லை. உடனே வியாபாரி முகம் வந்தது. "அனுப்பறேன். ஆனா..."

"ஆனா எனக்கு ஒண்ணு வேணும்." அவர் மச்சானின் முழங்கையைப் பிடித்தார். குதிரையின் காலைப் பிடிக்கும் பிடி, வலிக்காது, உதறவும் முடியாது. கூட்டத்தை விலக்கி எடை பார்க்கும் அறையின் வாசலுக்குக் கூட்டிப்போனார். ஜாக்கிகள் சேணத்தைத் தோளில் போட்டு வரிசையில் நின்றார்கள். நிருபர்கள் இருந்தார்கள், முதலாளிகள் இருந்தார்கள். "இங்கதான் நின்னீங்க. இங்கயே நில்லுங்க. சொல்லுங்க."

"என்னத்தை?"

"பெரியவ கால்."

மச்சானின் முகம் வெளுத்தது. "மாப்ளே, எல்லாரும் பார்க்கிறாங்க."

"அன்னிக்கும் பார்த்தாங்க."

மச்சான் உதட்டை அசைத்தார். ஏதோ முணுமுணுப்பு.

"கேட்கல மச்சான்."

"...அவர் ஓட்ட வேண்டாம்னார். நான்தான் ஓட்டினேன்."

"யாரு காலைக் கெடுத்தது?"

"நான்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா. பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேட்கட்டும்."

"நான்தான்யா! நான்தான் கெடுத்தேன்! போதுமா?"

வாசல் அமைதியானது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சானின் கண் கலங்கியிருந்தது. அவர் அந்த அமைதியை ஆழமாக உள்ளே இழுத்தார். இதற்காகத்தான் சாணி அள்ளினார். இதற்காகத்தான் இத்தனை கோப்பை. இழுத்த மூச்சு இன்னும் வெளியே வரவில்லை. அதற்குள் வரிசையில் நின்ற ஒரு ஜாக்கி பக்கத்தில் நின்றவனிடம் கேட்டான்:

"யாருண்ணே அது, பெரியவ?"

"தெரியல. ஏதோ பழைய குதிரை போல."

வரிசை நகர்ந்தது. நிருபர்கள் திரும்பவும் தங்கள் பேச்சுக்குப் போனார்கள். அன்று அங்கே நின்றவர்களில் ஒருவர்கூட இப்போது அங்கே இல்லை என்பதை அவர் முகம் முகமாகத் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். மச்சான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். இருவரும் சற்று நேரம் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், சொந்தக்காரர்கள் மாதிரி.

அன்று சாயங்காலமே லாரி வந்தது. சின்னவள் பலகையில் மெல்ல இறங்கினாள். மனைவி கையை நீட்டினாள். கடிக்கவில்லை, மோந்துகூடப் பார்க்கவில்லை. கடைசி அறையில் புது வைக்கோல் போட்டிருந்தது. ஓட்ஸை அவர் தானே அளந்து தொட்டியில் கொட்டினார்.

விடியலில் வந்தார். இருமினார். கதவைத் திறந்தார்.

தொட்டியில் மிச்சம் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கலைந்திருந்தது, அவ்வளவுதான். கொட்டியது கொட்டியபடி கிடந்தது. எத்தனை விடியல்கள் இதைப் பார்க்கத்தான் ஓடோடி வந்திருக்கிறார். உள்ளே கையை விட்டார். மணிக்கட்டு வரை புதைந்தது.

வெளியே கடியாரம் கடிவாளத்தோடு வந்து நின்றான். "இன்னிக்கு என்ன ஓட்டம்ணே?"

சின்னவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நடை" என்றார். தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு, வைக்கோலில், அவளுடைய முன்னங்கால் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளைக்கு?"

அவர் உள்ளங்கையை விரித்து அவளது மூக்குக்குக் கீழே நீட்டினார். கை வலிக்கத் தொடங்கிய பிறகும் எடுக்கவில்லை.